ஆணியில் மூன்று வளையங்கள்

1995 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. ஆவணி முதல் தேதி. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, பால் காய்ச்சி, சாதமும் புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் செய்து முடித்தபோது மணி ஏழு. என் கணவர் ஆறரைக்கு எழுந்து சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அணிந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் ஜங்ஷனிலிருந்து தென்காசி வண்டி கிளம்பும் ஊதல் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “இன்னைக்கும் பிந்திப்போச்சு. கேக்க ஆளில்ல” என்றார்.

வண்டி பிந்தவில்லை. அதன் நேரத்தை மாற்றி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. பல முறை சொல்லியிருக்கிறேன்.

அவர் அந்தப் பாதையில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். 1993 கடைசியில் மூளைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கி ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என்னை அடையாளம் தெரிந்தது, அவருடைய அக்காவைத் தெரிந்தது, சின்ன வயதில் படித்த பாடமெல்லாம் தெரிந்தது. ஆனால் புதிதாக எதுவும் அவருக்குள் நிற்கவில்லை. ஒன்றைச் சொன்னால் புரிந்துகொள்வார், சரியாகப் பதிலும் சொல்வார். கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். “பழசெல்லாம் இருக்கும். புதுசு ஒட்டாது” என்றார் டாக்டர். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். ரயில்வேயில் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குடும்பம் என் சம்பளத்தில் நடந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். அந்த வருடங்களில் கம்ப்யூட்டர் வகுப்புகள் புதிதாகத் தொடங்கியிருந்தன. அதில் கணக்கு சார்ந்த ஒரு பாடத்தை என் தலையில் கட்டினார்கள். அதன் முதல் பகுதி ஃபைனைட் ஆட்டோமேட்டன் என்பது. வரம்புள்ள தானியங்கி என்று தமிழில் சொல்லலாம். காகிதத்தில் மட்டும் இருக்கும் ஒரு இயந்திரம். அதற்குச் சில நிலைகள் உண்டு. ஒவ்வொரு குறியாகப் படிக்கும். படித்த குறிக்கும் இருக்கும் நிலைக்கும் ஏற்ப அடுத்த நிலைக்குப் போகும். எழுதி வைத்துக்கொள்ளத் தாள் கிடையாது. தான் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த செய்தி. எந்த வழியாக அங்கே வந்தது என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது. இதை முதன்முதலாகப் பாடப் புத்தகத்தில் படித்த அன்று அதற்கு மேல் படிக்காமல் புத்தகத்தை மூடி வைத்தேன்.

வீட்டில் அவரைத் தனியாக விட்டுப் போவதுதான் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவருக்குப் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் டீ வேண்டும். பிளாஸ்கில் போட்டு வைத்துப் பார்த்தேன். பிளாஸ்க் அவருக்குப் புதுசு, அடுப்பு பழசு. கால்கள் அடுப்படிக்குத்தான் போகும். பற்றவைப்பார். அந்த நேரம் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்கும், டிரம்மை நிரப்பப் போவார். அடுப்பு மறந்துவிடும். யாராவது கதவைத் தட்டினால் குழாயும் மறந்துவிடும். இரண்டு பாத்திரங்கள் கரிந்தன. ஒரு நாள் முன்கதவு திறந்து கிடக்க, அவர் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருந்த மீனாட்சிபுரத்திலிருந்து ஜங்ஷன் நடக்கும் தூரம்தான். பழகிய போர்ட்டர் ஒருவர் கூட்டிவந்து விட்டுவிட்டு, “அண்ணாச்சி டூட்டிக்கு வந்துட்டாவம்மா” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அவரால் முடியவில்லை.

வழி கிடைத்தது அவருடைய தொழிலிலிருந்துதான். அந்தப் பாதை ஒற்றைத் தண்டவாளம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்காக இரண்டு நிலையங்களிலும் ஒரு இயந்திரம் இருக்கும். அதிலிருந்து ஒரு இரும்பு உருண்டையை எடுத்துப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் டோக்கன். ஓர் உருண்டை வெளியே இருக்கும்வரை இரண்டு இயந்திரத்திலிருந்தும் இன்னொன்று வராது. அடுத்த நிலையத்தில் அதைத் திரும்பப் போட்டால்தான் வழி திறக்கும். தண்டவாளத்தில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று மாஸ்டர் மனதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கல்யாணமான புதிதில் அவர் இதை எனக்கு விளக்கினார். “நான் தூங்கிப் போனாலும் மெஷின் தூங்காதுல்லா” என்று பெருமையாகச் சொன்னார்.

ரத வீதிக் கடையில் குழந்தைகள் எறிந்து விளையாடும் பிளாஸ்டிக் வளையங்கள் மூன்று வாங்கினேன். அடுப்புக்கு மேலே ஓர் ஆணி, அதில் சிவப்பு. குழாயடியில் நீலம். கதவுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் மஞ்சள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் சிவப்பை எடுத்துக் கையில் மாட்ட வேண்டும். அணைத்த பிறகுதான் ஆணியில் திரும்பப் போடலாம். குழாய்க்கும் கதவுக்கும் அப்படியே. கையில் வளையம் இருந்தால் ஏதோ ஒன்று திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். நினைக்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும்.

கோடை விடுமுறை முழுவதும் பக்கத்தில் நின்று பழக்கினேன். பழக்கியது அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும், “இதை யாரு இங்கன மாட்டினது?” என்று கேட்பார். கேட்டுக்கொண்டே எடுத்துக் கையில் போட்டுக்கொள்வார். இருபது வருடப் பழக்கம் அவரை அப்படிச் செய்ய வைத்தது. டோக்கன் என்றால் அவருக்கு அது சாமி காரியம் மாதிரி.

விடைத்தாளின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டை வட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து பார்த்தேன். மூன்று வளையங்கள், ஒவ்வொன்றும் ஆணியிலோ கையிலோ. மொத்தம் எட்டு நிலைகள். எல்லா அம்புகளும் கடைசியில் மூன்றும் ஆணியில் இருக்கும் வட்டத்துக்குத் திரும்பி வந்தன. ஜூன் முதல் கல்லூரி போய் வந்தேன். சாயங்காலம் அவர் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டுத் தாழிட்டதும் மூன்று ஆணிகளையும் பார்ப்பேன். மூன்றிலும் வளையம் இருக்கும். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன்.

அவருடைய அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. மதினி அம்பாசமுத்திரத்தில் இருந்தாள். கணவர் இல்லை, மகன்களும் மருமகள்களும் நிறைந்த வீடு. ஆடியில் ஒரு நாள் வந்து என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

“ஏளா, நான் ஒண்ணும் அவனை ஒங்கிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போக வரல. ஆனா ஒரு மனுசனைப் பூட்டின வீட்டுல விட்டுட்டுப் போறது எனக்குச் சம்மதமில்ல.”

“பூட்டல மதினி. தாழ்ப்பாள் உள்ளதான் இருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான். ஆடி முடியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி நான் வாரேன். நீ பாட்டுக்குக் காலேஜுக்குப் போ. நான் மூலையில செம்பு கணக்கா உக்காந்திருக்கேன், வாயத் தொறக்க மாட்டேன். அவன் தானா சமாளிச்சாம்னா இங்கனயே இருக்கட்டும். இல்லைன்னா என்கூட அனுப்பிரணும். பேச்சு மாறக் கூடாது.”

சம்மதித்தேன். என் எட்டு வட்டங்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

அந்த ஆவணி முதல் தேதியைச் சொல்லித்தான் இதை எழுதத் தொடங்கினேன். எட்டு மணிக்கு மதினி ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்தாள். அவர் எழுந்து நின்றார்.

“வாக்கா. எப்ப வந்த? அம்மா வரலையா?”

மதினி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

என் மாமியார் இறந்தது அவர் ஆஸ்பத்திரியில் சுயநினைவில்லாமல் கிடந்தபோது. கொள்ளி வைத்தது மதினியின் மூத்த மகன். அவர் கண் விழித்து, தேறிய பிறகு அம்மாவைக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர் போல அழுதார். நாலாவது தடவை என் வாய் தானாக, “மதினி வீட்டுல இருக்காவ” என்றது. “அப்ப சரி” என்று சொல்லி டீ கேட்டார். அன்றிலிருந்து அதுதான் பதில்.

மதினி முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, “முட்டு வலின்னு படுத்திருக்கா. பஸ் ஏற மாட்டேங்கா” என்றாள்.

“ரயில்ல வர வேண்டியதுதான. பாஸ் எழுதித் தாரேன்.”

“ஆமா, ஒன் பாஸுக்குத்தான் காத்துக் கெடக்கா.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வளையங்களைப் பார்த்தாள். “என்னளா இது? எங்க ஊரு கோயில் கொடையில சோப்பு டப்பா மேல எறிவாங்களே, அந்த வளையம்லா. ரெண்டு சோப்பாவது மாட்டி வச்சிருக்கலாம்ல.”

அவரும் சிரித்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும், அக்கா சிரிக்க வைத்தால் சிரிப்பது அவருக்குப் பழசு.

ஒன்பது மணிக்கு நான் கிளம்பினேன். தாழ்ப்பாள் போடும் சத்தமும், ஆணியில் வளையம் உரசும் சின்னச் சத்தமும் கேட்ட பிறகு படியிறங்கினேன். பாலத்தில் பேருந்து நின்று நின்று போனது. ஆற்றில் கொஞ்சமாகத் தண்ணீர்.

பதினொரு மணிக்கு வகுப்பு. இந்தத் தானியங்கியின் வலு எவ்வளவு, எதைச் செய்ய அதனால் முடியாது என்பது அன்றைய பாடம். அடைப்புக்குறிகளை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். ஒரு கணக்குக் கோவையில் திறந்த அடைப்புக்குறிகள் எல்லாம் ஒழுங்காக மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னால் வரம்புள்ள தானியங்கி தோற்றுப்போகும். எத்தனை திறந்திருக்கிறது என்று நினைவில் வைக்க வேண்டும். அதற்கு இருப்பதோ கைவிரலில் எண்ணக்கூடிய நிலைகள்.

முதல் பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்தாள். “மேடம், அப்ப நம்ம டவுன் பஸ் கண்டக்டர் ஒரு ஃபைனைட் ஆட்டோமேட்டன். டிக்கெட் எடுத்தவங்ககிட்டயே ‘டிக்கெட், டிக்கெட்’னு கேட்டுட்டே இருக்காரு.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “அவர் கையில டிக்கெட் கட்டு இருக்கு. அதைப் பாத்து எத்தனை பேருன்னு சொல்லிருவார். கட்டைப் பிடுங்கிட்டா நீ சொல்லுறது சரி.”

பின்பெஞ்சிலிருந்து இன்னொருத்தி கேட்டாள். “நிலைகளைக் கூட்டிட்டே போனா, மேடம்? பத்து பத்தலன்னா நூறு?”

“கூட்டலாம். எங்கேயாவது ஓரிடத்துல நிறுத்தித்தான் இயந்திரத்தைக் கட்டணும். நிறுத்தின இடத்துக்கு அடுத்ததா ஒண்ணு வரும்.”

கரும்பலகையில் அதற்கான நிரூபணத்தை எழுதினேன். நிலைகளின் எண்ணிக்கையைவிட நீளமான ஒன்றைப் படிக்கும்போது இயந்திரம் ஏற்கெனவே இருந்த ஒரு நிலைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். அது ஒரு சுற்று. சுற்றிவிட்டோம் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரு தடவை சுற்றினாலும் ஆயிரம் தடவை சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான். எழுதும்போது மணியைப் பார்த்தேன். முதல் டீ முடிந்திருக்கும், சிவப்பு ஆணிக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். தட்டினேன். திறந்தது மதினி. மஞ்சள் வளையம் ஆணியிலேயே இருந்தது. மதினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. உள்ளே போனேன். நீலம் அதன் இடத்தில். சிவப்பு அதன் இடத்தில். அடுப்பு அணைந்து, டிரம் விளிம்புவரை நிறைந்து, டீ டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. சமாளித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு நொடி எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அவர் படுக்கையறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மூக்கு சிவந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “நான் எதுக்கு அழுதுட்டு இருக்கேன்? யாரும் செத்துப் போயிட்டாவளா?” என்றார்.

மதினி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“இல்லீங்க. வெங்காயம் உரிச்சீய.”

அவர் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எதையும் சரிபார்க்காமல் ஒத்துக்கொள்கிற ஆள் கிடையாது அவர்.

“கையில வாடை இல்லையே.”

“கழுவிட்டீய.”

“சோப்புப் போட்டா?”

“சோப்புப் போட்டு.”

இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். “அப்ப சரி” என்றார். ஆனாலும் கண்ணிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கிருந்தோ ஒழுகும் குழாயைப் பார்ப்பது போல.

அடுப்படியில் மதினி நடந்ததைச் சொன்னாள். மூன்று மணி டீக்குச் சிவப்பை மாட்டியிருக்கிறார். பால் சூடாகும்போது தண்ணீர் வந்திருக்கிறது, நீலம். டிரம் நிறையப் போகும்போது தபால்காரர் தட்டியிருக்கிறார், மஞ்சள். மூன்று வளையங்களும் ஒரே கையில். தபாலை வாங்கிக் கதவைத் தாழிட்டு மஞ்சளை ஆணியில் மாட்டி, கையைப் பார்த்து, குழாய்க்குப் போய் மூடி நீலத்தை மாட்டி, மறுபடி கையைப் பார்த்து அடுப்படிக்கு ஓடியிருக்கிறார். பால் பொங்கி விளிம்புக்கு வந்தபோது அணைத்துவிட்டார்.

“எனக்குப் புல்லரிச்சுப் போச்சுளா. வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தவ, என்னையறியாம, ‘இதைப் பாக்க அம்மா இல்லையே லே’ன்னுட்டேன்.”

அவர், “ஏன், அம்மா எங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“அம்மாவுக்கு முட்டு வலின்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. காலைல சொன்னதே நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுச்சு. சொல்லிட்டேன். விழுந்து அழுதான். பெறவு டம்ளரைக் கழுவப் போனான். கழுவிட்டு வந்து, ‘ஏக்கா, நான் ஏன் அழுதேன்?’ங்கான். திரும்பச் சொன்னேன். எத்தனை தடவன்னு எண்ணல. கடைசியில சொல்லாமலும் இருந்து பாத்தேன். அப்பமும் அழுதான். என்னத்துக்குன்னு தெரியாமலே அழுதான்.”

நான் வகுப்பில் எழுதிய கரும்பலகை இன்னும் அழிக்கப்படாமல் இருக்கும். நிலை மட்டும் மிஞ்சும், வந்த வழி மிஞ்சாது. சாக்பீஸ் தூள் என் விரலில் இருந்தது.

“இதுக்குத்தான் மதினி நான் பொய் சொல்லுதேன்” என்றேன்.

“அவன் ஆத்தாளுக்கு அவன் அழாம வேற யாரு அழுவா?”

“அழட்டும். அழுது முடிக்கணும்லா. அவுகளுக்கு முடியவே முடியாதே.”

“ஒன் பொய்யில மட்டும் முடியுதாக்கும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆத்துல முங்க வச்சு எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லுதேன். அவன் மறந்துட்டுப் போறான். செஞ்சது செஞ்சதுதான. நாங்க நாலு பேரு பாத்திருப்போம்.”

“பேச்சு என்ன மதினி? அடுப்பு, தண்ணி, கதவு. அவுக எல்லாம் சரியாத்தான செஞ்சாவ?”

“சரியாத்தான் செஞ்சான். ஒரு குத்தம் சொல்ல முடியாது.” மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இங்க இருந்ததால எனக்குத் தெரியுது, இன்னைக்கு அழுதான்னு. இல்லைன்னா நீ வந்து என்னத்தப் பாத்திருப்ப? மூணு வளையத்தைப் பாத்திருப்ப. நேத்து? அதுக்கு முந்தின நாளு? இந்த வீட்டுல பகல் பூரா அவன் தனியா என்னவா இருந்தான்னு ஒனக்குத் தெரியுமா, சொல்லு.”

எனக்குத் தெரியாது. ஜூனிலிருந்து நான் பார்த்தது சாயங்கால ஆணிகளை மட்டும். ஆனால் அவள் கேட்டபோது சில விஷயங்கள் வரிசையாக வந்து நின்றன. ஜூலையில் ஒரு நாள் அவருடைய கைக்குட்டை சொட்டச் சொட்ட நனைந்து கொடியில் கிடந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஒரு நாள் கண் சிவந்திருந்தது. மேல்காற்றில் தூசி என்று சொட்டு மருந்து விட்டேன். அவரிடம் கேட்டேன்கூட. “ஒண்ணுமில்லையே” என்றார். அது பொய்யில்லை, அவருக்கு ஒன்றும் இல்லைதான்.

 அவருடைய துணிகளை எடுத்து வைத்தேன். நாலு வேட்டி, ஐந்து சட்டை, சவரப் பெட்டி, பழைய கால அட்டவணைப் புத்தகம்.

“எங்க போறோம்?” என்று கேட்டார்.

“அக்கா வீட்டுக்கு.”

முகம் மலர்ந்துவிட்டது. “அம்மா அங்கதான இருக்கா? பாத்து எம்புட்டு நாளாச்சு.” சட்டையை மாற்றிக்கொண்டு தலை சீவினார். மதினி திரும்பி நின்று முருங்கைக்காய்ப் பையைத் தூக்கினாள். பிறகு அது எனக்குக் கொண்டுவந்தது என்று ஞாபகம் வந்து திரும்ப வைத்தாள்.

ஆறு மணி வண்டிக்கு ஜங்ஷன் வரை மூவரும் நடந்தோம். பிளாட்பாரத்தில் அவர் பெட்டிக்குள் ஏற மறுத்தார். மதினி கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. என்ஜின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். போர்ட்டர் ஒருவர் பிரம்பு வளையத்தை நீட்டி டிரைவர் அதைக் கையில் வாங்கியதும், “ம், கொடுத்துட்டான்” என்று சொல்லி, தானாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“நீ ஏறலையா?”

“நாளைக்கு வாரேன்.”

“லீவு போட்டுட்டு வா. அம்மா கேப்பா.”

“சரி.”

மதினி எதிர் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி அசைந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தபோது அந்த முகத்தில் புதிதாக ஒரு ஆச்சரியம்.

“ஏ, நீ ஏறலையா?”

“நாளைக்கு வாரேன்” என்றேன். இன்னொரு தடவை கேட்டார். உதடு அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நான் பதிலைச் சொல்லிக்கொண்டே நடந்தேன், பிளாட்பாரம் முடியும் வரை. எத்தனை நாள் போனாலும் அவருக்கு நான் நாளைக்கு வருவேன். நான் போய் நின்றாலும், திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில், போகாத மாதிரிதான் இருக்கும். அம்மாவும் அப்படித்தான் அந்த வீட்டில் இன்று இரவு இருக்கமாட்டாள், நாளைக்கும் முதன்முதலாக இருக்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்ததும் வாசல் தெளிக்கவில்லை, பால் காய்ச்சவில்லை. முதல் வேலையாக மூன்று வளையங்களையும் ஆணிகளிலிருந்து எடுத்து, அம்பாசமுத்திரத்துக்குக் கொடுத்தனுப்பலாம் என்று ஒரு துணிப்பையில் போட்டேன். பையின் வாயைக் கட்டும்போதுதான் மதினி வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கே குழாய் கிடையாது, கிணறு. தெருக்கதவு விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை திறந்தே கிடக்கும். அத்தனை பேருக்கு ஆக்கும் அடுப்பு பகலில் அணைவதில்லை. அவர் எதையும் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். வளையம் மாட்ட அந்த வீட்டில் இடமே இல்லை.

பையை அவிழ்த்து மூன்றையும் திரும்ப மாட்டினேன். சிவப்பு, நீலம், மஞ்சள்.